பழைய டீசல் ஸ்விஃப்டில் பெரிய டர்போ போட்ட பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறியை வைத்துத் தேடும் வழி

"டர்போ மாத்தியாச்சு, ரீமேப்பும் போட்டாச்சு, ஆனா வண்டி முன்னாடி இருந்ததைவிட மோசமா ஓடுது" (ரீமேப் என்பது இன்ஜினின் கம்ப்யூட்டரில் உள்ள டீசல், காற்று அளவுக் கணக்கை மாற்றி எழுதுவது) என்ற புகாரோடு வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் புது டர்போவில், அதாவது எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் உறுப்பில், குறையே இருப்பதில்லை. குறை அதைச் சுற்றித்தான் இருக்கும்: கழன்ற ஹோஸ், வெடித்துப்போன வேக்கம் டியூப், கரி அடைத்த ஆயில் பைப், வருஷக்கணக்கில் ஓடித் தேய்ந்த கிளட்ச். ஆனால் பட்டறையில் முதலில் கழற்றப்படுவது டர்போ. அதைக் கழற்றி இன்னொன்றைப் போட்டு, அதுவும் அதே மாதிரி ஓடிய பிறகுதான் மற்றதைத் தேட ஆரம்பிக்கிறார்கள். அந்த வீண் செலவைத் தவிர்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் இன்ஜினை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். 1248 சிசி, 2007-ல் வந்த ஸ்விஃப்ட் டீசலில் தொடங்கி டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று ஏகப்பட்ட வண்டிகளில் இருப்பது. 75 பிஎஸ் வகையில் இருப்பது வேஸ்ட்கேட் (அதிகப்படிப் புகையை டர்போ சக்கரத்தைத் தொடாமல் திருப்பிவிடும் கதவு) உள்ள சின்ன டர்போ. அதே இன்ஜின் எஸ்எக்ஸ்4, எர்டிகா, சியாஸ் வண்டிகளில் 90 பிஎஸ் தருகிறது, அதில் இருப்பது இறக்கைகள் திறந்து மூடும் விஜிடி டர்போ. அதனால் பவர் வேண்டும் என்பவர்கள் இரண்டு வழியில் போகிறார்கள். ஒன்று, பழைய டர்போவின் கூட்டுக்குள்ளேயே பெரிய சக்கரம் வைத்த ஹைப்ரிட். இன்னொன்று, 90 பிஎஸ் வண்டியின் விஜிடி. கோளாறுகள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், வேறுபடும் இடங்களில் சொல்கிறேன். மற்ற பழைய காமன் ரெயில் டீசல் வண்டிகளுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு புளூடூத் ஓபிடி டாங்கிள் (வண்டியின் கோளாறுக் கோட்களைப் போனில் காட்டும் கருவி), பூஸ்ட் கேஜ் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை, அதாவது பூஸ்டைக் காட்டுவது), டார்ச், சோப்புத் தண்ணீர் ஸ்பிரே, முடிந்தால் கையால் அடிக்கும் வேக்கம் பம்ப். இவ்வளவு போதும்.

தொடங்கும் முன் இரண்டு எச்சரிக்கை. இன்ஜின் ஓடும்போது டர்போவின் வாய்க்குள் விரலையோ துணியையோ கொண்டு போகக் கூடாது, அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றைத் தாண்டும். அப்புறம், ஓடும் இன்ஜினில் டீசல் ரெயில் பைப்பில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது. உள்ளே 1000 பாருக்கு மேல் அழுத்தம், தோலைத் துளைத்து டீசல் உள்ளே ஏறிவிடும், விரலையே எடுக்க வேண்டிய நிலை வரும்.

## சாவியை எடுத்தாலும் இன்ஜின் நிற்காமல் தானாக வேகம் ஏறுகிறது

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், இது நடக்கும்போது படிக்க நேரம் இருக்காது. இன்ஜின் தன் ஆயிலையே எரித்து ஓடுகிறது. டீசலை நிறுத்தினாலும் நிற்காது.

வண்டிக்குள் இருந்தால்: பிரேக்கை முழுசாக மிதியுங்கள், நாலாவது அல்லது ஐந்தாவது கியரைப் போடுங்கள், கிளட்சைச் சட்டென்று விடுங்கள். இன்ஜின் மூச்சு முட்டி அணைந்துவிடும். கிளட்ச் கருகினாலும் கருகட்டும். அது நடக்கவில்லை என்றால் இறங்கித் தள்ளிப் போங்கள். காற்று உள்ளே போகும் வாயைத் தட்டையான கனமான பலகையால் மூடினால் நிற்கும், ஆனால் கையாலோ துணியாலோ மூடப் போகாதீர்கள், இழுத்துக்கொள்ளும். சத்தம் உச்சத்துக்குப் போய்விட்டால் பக்கத்திலேயே நிற்க வேண்டாம், இன்ஜின் உடைந்து துண்டு பறக்கும்.

பெரும்பாலும் இது நடப்பது இப்படித்தான்: பழைய டர்போ சீல் போய் ஆயிலைக் கக்கியிருக்கும், அந்த ஆயில் இன்டர்கூலருக்குள் (டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விப்பது) தேங்கி நிற்கும். டர்போவை மட்டும் மாற்றி, இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்க்காமல் விட்டிருப்பார்கள். புது டர்போ முதல்முறை பலமாக ஊதியதும் தேங்கிய ஆயில் மொத்தமும் இன்ஜினுக்குள் போகிறது. ஆகவே டர்போ மாற்றும்போது இன்டர்கூலரையும் பைப்புகளையும் கழற்றி, ஆயிலை வடித்து, கழுவி, காயவைத்துத்தான் மாட்ட வேண்டும். இதைச் செய்தீர்களா என்று மெக்கானிக்கிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

ஒரு தடவை இப்படி ஓடிய இன்ஜினை நீங்களாக மறுபடி ஸ்டார்ட் பண்ண வேண்டாம். டோ பண்ணிக் கொண்டுபோய்த் திறந்து பார்த்த பிறகுதான்.

## பிக்கப் இல்லை, ஆனால் எந்த லைட்டும் எரியவில்லை

அதிகம் வருவது இதுதான். டர்போ மாற்றிய முதல் வாரத்திலேயே வரும்.

முதலில் ஏர் ஃபில்டர். வேலை நடந்த தூசி, மறதியில் உள்ளே விட்ட துணி, சரியாக உட்காராத மூடி, எல்லாவற்றையும் கண்ணால் பாருங்கள். அடுத்து ஹோஸ்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ஒவ்வொரு இணைப்பையும் கையால் அசைத்துப் பாருங்கள். பழைய ரப்பர் ஹோஸ் மேலே நன்றாகத் தெரியும், மடிப்பின் அடிப்பக்கம் கீறியிருக்கும், ஐடிலில் மூடிக்கொண்டு பூஸ்ட் ஏறும்போது மட்டும் திறக்கும். ஆயில் ஈரமும் தூசியும் சேர்ந்து கருப்பாகப் படிந்த இடம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் காற்று வெளியேறுகிறது. ஸ்டாக் ஹோஸில் வரும் ஸ்பிரிங் கிளிப், கூடுதல் பூஸ்டுக்குப் பிடிப்பு போதாமல் நழுவும். டி-போல்ட் கிளாம்ப் போடுங்கள், சில நூறு ரூபாய் வேலை.

கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அழுத்தம் ஏற்றிப் பாருங்கள். ஒரு பிவிசி எண்ட் கேப்பில் டியூப்லெஸ் டயர் வால்வைப் பொருத்தி, டர்போவின் உறிஞ்சும் வாயில் கிளாம்ப் போட்டு மாட்டி, டயர் பம்பால் 1 பார் வரை மெதுவாக ஏற்றி, எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் அடியுங்கள். நுரை வரும் இடம்தான் ஓட்டை. கேப்புக்கு நேராக முகத்தை வைக்க வேண்டாம், பறந்தால் பல் போகும். ஆயில் ஊற்றும் மூடிப் பக்கம் லேசாக உஸ் என்று கேட்டால் பயப்பட வேண்டாம், ஏதோ ஒரு சிலிண்டரில் வால்வு திறந்திருக்கும், அந்த வழியாகக் கொஞ்சம் போகத்தான் செய்யும்.

காற்றுப் பாதை சரி என்றால் அடுத்தது ஆக்சுவேட்டர், அதாவது டர்போவின் இறக்கைகளையோ வேஸ்ட்கேட்டையோ ஒரு கம்பியால் நகர்த்தும் உறுப்பு. இங்கே இரண்டு வகை டர்போவுக்கும் பார்க்கும் முறை வேறு.

விஜிடி என்றால், ஒருவர் ஸ்டார்ட் பண்ண, இன்னொருவர் டர்போவின் கம்பியைப் பார்க்க வேண்டும். வேக்கத்தில் வேலை செய்யும் வகையில், இன்ஜின் ஓடத் தொடங்கியதும் கம்பி இழுக்கப்பட வேண்டும், அணைத்ததும் திரும்ப வேண்டும். அசையவே இல்லையா? வேக்கம் டியூபைக் கழற்றிக் கைப்பம்பால் இழுத்துப் பாருங்கள். கம்பி நகர்ந்து, பம்பின் முள் ஒரு நிமிடம் இறங்காமல் நின்றால் ஆக்சுவேட்டர் நல்லது, குறை டியூபிலோ சோலனாய்டிலோ (வேக்கத்தைத் திறந்து மூடும் மின் வால்வு). முள் இறங்கினால் டயாஃப்ரம் (ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கிறது. முள் நிற்கிறது ஆனால் கம்பி நகரவில்லை என்றால் உள்ளே இறக்கைகள் கரியில் ஒட்டியிருக்கின்றன. செகண்ட் ஹேண்ட் விஜிடி வாங்கியவர்களுக்கு இந்த மூன்றாவதுதான் அதிகம் வரும். இந்த வேக்கம் டியூப்கள் சூட்டில் விறைத்து, முனையில் வெடிக்கும். முனையை ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி மாட்டினாலே பல வண்டிகள் சரியாகிவிடுகின்றன.

வேஸ்ட்கேட் உள்ள ஹைப்ரிட் என்றால், கம்பியை இழுத்துக் கட்டும் நட்டு தளர்ந்திருக்கலாம், கேட் சீக்கிரமே திறந்துகொள்ளும். ரெகுலேட்டர் உள்ள காற்றால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி எந்த அழுத்தத்தில் கம்பி நகர்கிறது என்று பாருங்கள். பஞ்சர் கடைக் காற்றை நேராக விட்டால் டயாஃப்ரம் அங்கேயே கிழியும்.

இனி முக்கியமான ஒன்று. 75 பிஎஸ் வண்டியில் 90 பிஎஸ் விஜிடி போட்டிருந்தால், அதை யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்று கேளுங்கள். 75 பிஎஸ் வண்டியின் ஈசியூ (இன்ஜினின் கம்ப்யூட்டர்) வேஸ்ட்கேட் டர்போவுக்காக எழுதப்பட்டது, இறக்கைகளை எப்போது எவ்வளவு திறப்பது என்ற கணக்கு அதில் கிடையாது. ஒன்று, 90 பிஎஸ் வண்டியின் ஈசியூ, வயரிங், சோலனாய்டு எல்லாமே வர வேண்டும். இல்லையென்றால் அழுத்தத்தில் இயங்கும் ஆக்சுவேட்டர் மாட்டி, காற்றழுத்தமே இறக்கையைத் திறக்கும்படி செய்ய வேண்டும். இரண்டும் செய்யாமல் கம்பியை ஏதோ ஒரு நிலையில் கட்டிவைத்து அனுப்பிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் கீழே இழுக்கும், மேலே செத்துவிடும், அல்லது தலைகீழாக. இதில் நீங்கள் சரிசெய்ய ஒன்றும் இல்லை. போட்டவரிடமே திரும்பப் போங்கள், அல்லது விஜிடி தெரிந்த ட்யூனரிடம் (ரீமேப் எழுதுபவர்).

## கொஞ்ச நேரம் பறக்கிறது, அப்புறம் செத்துவிடுகிறது, சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிறது

ஈசியூ பயந்துபோய் பவரைக் குறைக்கிறது. முதல் வேலை ஸ்கேன். என்ன கோட் வருகிறது என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

பி0234, அதாவது பூஸ்ட் அளவுக்கு மேல். விஜிடியில் இறக்கைகள் மூடிய நிலையில் ஒட்டிக்கொள்கின்றன. கம்பியைக் கையால் முழு தூரம் நகர்த்திப் பாருங்கள், இன்ஜின் ஆறியிருக்கும்போது. நடுவில் எங்காவது சொரசொரப்பாகப் பிடித்தால் கரி. கழற்றிச் சுத்தம் செய்யலாம், ஆனால் இறக்கையின் நிறுத்த ஸ்குரூவைத் தொடக் கூடாது, அது ஃபேக்டரியில் அளந்து வைத்தது. வேஸ்ட்கேட் வகையில் கம்பியை அதிகமாக இழுத்துக் கட்டியிருப்பார்கள், அல்லது ஆக்சுவேட்டருக்குப் போகும் சின்ன ஹோஸ் கழன்றிருக்கும். ஹோஸ் கழன்றால் கேட் திறக்கவே திறக்காது, பூஸ்ட் எல்லையில்லாமல் ஏறும். இந்தக் கோட் வந்த பிறகும் "லைட்தானே, அழிச்சிக்கலாம்" என்று மிதித்து ஓட்டாதீர்கள்.

பி0299, பூஸ்ட் போதவில்லை. மேலே உள்ள பகுதிக்குப் போங்கள். ஹோஸ், வேக்கம், ஆக்சுவேட்டர், அதே வரிசை. அதோடு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள கேஸ்கட்டையும் பாருங்கள், சுற்றிலும் கருப்புக் கரிக்கோடு இருந்தால் அங்கே புகை தப்பிக்கிறது. டர்போவைச் சுற்ற வேண்டிய வேகம் வெளியே போகிறது.

பி0087, ரெயில் அழுத்தம் குறைவு. டர்போ வழக்கு இல்லை. டீசல் ஃபில்டரை மாற்றுங்கள். மாற்றியும் வந்தால் ரீமேப் கேட்கும் டீசலைப் பழைய பம்பாலோ இன்ஜெக்டராலோ தர முடியவில்லை. டீசல் பம்ப் லேபுக்குப் போக வேண்டிய கட்டம் இது.

பி0101, ஏர் ஃப்ளோ சென்சார். ஆயில் தடவும் வகை ஃபில்டர் போட்டிருக்கிறீர்களா? அந்த ஆயில் சென்சார் மேல் படிந்திருக்கும். அதற்கென்று விற்கும் ஸ்பிரேயால் மட்டும் கழுவுங்கள், விரலோ பஞ்சோ பட வேண்டாம்.

கோடே இல்லை. அல்லது பூஸ்ட் சென்சார் பற்றிய கோட் வருகிறது. சாவியை மட்டும் போட்டு, ஸ்டார்ட் பண்ணாமல், டாங்கிளில் மேனிஃபோல்டு பிரஷர் பாருங்கள். சென்னையில் 100 கேபிஏ பக்கமும், கோயம்புத்தூரில் 96 பக்கமும், ஊட்டியில் 77 பக்கமும் காட்ட வேண்டும், அது அந்த ஊர்க் காற்றின் அழுத்தம். அதற்குச் சம்பந்தமே இல்லாத எண் வந்தால் சென்சார் அழுக்கு அல்லது பழுது. எண் சரியாக இருந்து, ஓட்டும்போது பூஸ்ட் ஏறி ஏறி ஒரு இடத்தில் நேர்க்கோடாக நின்றுவிட்டால், அது சென்சார் படிக்கும் எல்லை. பெரிய எல்லை உள்ள சென்சாரும் அதற்கேற்ற மேப்பும் வேண்டும், இது ட்யூனர் வேலை.

சமவெளியில் எதுவும் இல்லாமல், மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது மட்டும் செத்துப்போகும் வண்டிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். மேலே காற்று மெலிவு. கீழே கொடுத்த அதே அழுத்தத்தைக் கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. மேப் எழுதியவர் உயரத்துக்கான குறைப்பைக் கழற்றிவிட்டிருந்தாலோ, கீழேயே டர்போவை அதன் எல்லையில் ஓட்டிக்கொண்டிருந்தாலோ, மலையில் அது எல்லை தாண்டும். ஈசியூ பவரைக் குறைத்தால் அது உங்கள் டர்போவைக் காப்பாற்றுகிறது என்று அர்த்தம். மேப்பைத் திருத்தும் வரை மலையில் மிதிக்காதீர்கள்.

## கருப்புப் புகை தள்ளுகிறது

டீசல் அதிகம், காற்று குறைவு. அவ்வளவுதான். மிதித்ததும் ஒரு நொடி லேசாக வந்து போனால் பழைய டீசலில் அது சகஜம். பின்னால் வருபவர் மறையும் அளவுக்குத் தொடர்ந்து வந்தால் தேட வேண்டும்.

முதலில் காற்று: ஃபில்டர், ஹோஸ் கசிவு. மேலே சொன்ன சோப்புச் சோதனையை இங்கேயும் செய்யுங்கள், டர்போவுக்குப் பிறகு கசிந்தால் அளந்த காற்று இன்ஜினுக்கு வந்து சேருவதில்லை, டீசல் மட்டும் முழுசாக வந்துவிடுகிறது.

அடுத்து ஈஜிஆர் வால்வு, எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்புவது. இந்த இன்ஜினில் அது கரி பிடித்துத் திறந்தபடி நிற்பது வாடிக்கை. கழற்றிச் சுத்தம் செய்து, வால்வு முழுசாக மூடுகிறதா என்று பாருங்கள்.

அதுவும் சரி என்றால் இன்ஜெக்டர். நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் டியூபையும் நாலு சின்ன பாட்டிலில் விட்டு, ஐடிலில் சில நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். நாலிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு வர வேண்டும். ஒன்றில் மட்டும் மளமளவென்று நிறைந்தால் அந்த இன்ஜெக்டரை லேபில் கொடுங்கள். நாலிலும் அதிகம் என்றால், ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய இன்ஜெக்டரின் மேல் ரீமேப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள், செட்டாகவே ரீகண்டிஷன் செய்ய வேண்டும், செலவு ஆயிரங்களில் போகும்.

எல்லாம் சரியாக இருந்தும் புகை வந்தால் மேப்பில்தான் குறை. "புகை வந்தாத்தான் பவர்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புகை என்பது எரியாமல் வெளியே போகும் டீசல், அதோடு எக்ஸாஸ்ட் சூடும் ஏறும். டர்போவுக்கு முன்னால் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டி நீண்ட நேரம் ஓடினால் அலுமினிய பிஸ்டனுக்கு ஆபத்து. அந்தச் சூட்டைக் காட்டும் கேஜ் ஒன்று மாட்டுவது, பூஸ்ட் கேஜைவிடப் பயனுள்ள செலவு என்பேன்.

## நீலப் புகை, ஆயில் குறைகிறது, பைப்பில் ஆயில்

இன்டேக் பைப்பைக் கழற்றி உள்ளே விரலால் தடவினால் ஆயில் பிசுபிசுப்பு இருக்கும். அது எல்லா டர்போ டீசலிலும் இருப்பது, பிரீதர் (இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் குழாய்) வழியாக வரும் ஆயில் ஆவி. பைப்பைச் சாய்த்தால் வடியும் அளவுக்குத் தேங்கியிருந்தால்தான் பிரச்சினை.

ஆயில் லெவல் அதிகமா? டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டைத் தாண்டினால் குறைத்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா? அடைத்தால் டர்போ தன் சீல் வழியாகவே ஆயிலை உறிஞ்சும்.

பிறகு ஆயில் ரிட்டர்ன் பைப். என் அனுபவத்தில் "புது டர்போ ஆயில் கக்குது" என்று வருபவற்றில் அதிகம் மாட்டுவது இங்கேதான். டர்போவிலிருந்து ஆயில் கீழே இறங்குவது தன் எடையால் மட்டுமே, பம்ப் எதுவும் இழுப்பதில்லை. பைப் மடங்கியிருந்தாலோ, புது டர்போவின் கோணம் மாறியதால் நடுவில் தொங்கி வளைந்திருந்தாலோ, கேஸ்கட்டுக்குப் பதில் தடவிய சிலிகான் உள்ளே பிதுங்கி வழியை அடைத்திருந்தாலோ, ஆயில் இறங்காமல் நிறைந்து சீலைத் தாண்டும். டர்போவில் எந்தக் குறையும் இருக்காது. பைப்பைக் கழற்றி அதன் வழியாக மறுமுனை வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள், வளைவாக இருந்தால் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அந்த ஃபிளாஞ்சில் சிலிகான் கூடவே கூடாது, கேஸ்கட் மட்டும்.

அதுவும் சரி என்றால் இன்ஜினைச் சந்தேகியுங்கள். ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதையே தலைகீழாக வாய்மேல் வையுங்கள். லேசாக ஆடினால் சரி. தூக்கி எறியப்பட்டு, புகை குபுகுபு என்று வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. கம்ப்ரஷன் சோதனை செய்து உறுதிப்படுத்துங்கள். அந்த இன்ஜினில் எந்த டர்போ போட்டாலும் ஆயில் வரும், முதலில் இன்ஜின் வேலை, அப்புறம்தான் மற்றது.

கடைசியாகத்தான் டர்போ. இன்ஜின் ஆறிய பிறகு ஏர் பைப்பைக் கழற்றி ஷாஃப்டின் நட்டைப் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் சின்ன ஆட்டம் இருக்கலாம், ஆயில் இல்லாதபோது புஷ் பேரிங்கில் அது இயல்பு. முன்னும் பின்னுமாகக் கையில் உணரும் ஆட்டம் இருக்கக் கூடாது. சக்கரத்தின் முனை கூட்டில் உரசிய தடம் தெரிந்தால் அந்த டர்போ முடிந்தது.

## புது டர்போ சில வாரத்திலேயே போய்விட்டது

மூன்றாவதை வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். இரண்டாவது போனதற்கும் முதலாவது போனதற்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே.

ஆயில் ஃபீட் பைப்பைச் சுத்தம் செய்து மாட்டினார்களா, புதிதாகப் போட்டார்களா? சுத்தம் செய்தேன் என்று சொன்னால் போதாது. உள்ளே படிந்த கரி பெட்ரோலில் கரையாது, காற்றடித்தால் கொஞ்சம் உதிரும், மீதி ஓடும்போது உதிர்ந்து பேரிங்குக்குள் போகும். பைப்பும் பேஞ்சோ போல்ட்டும் (ஆயில் ஓட நடுவில் ஓட்டை உள்ள போல்ட்) புதிதாகவே வாங்குங்கள். போல்ட்டுக்குள் சின்ன வலை இருந்தால் அது அடைத்திருக்கிறதா என்று பழையதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம், காரணம் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

சோதனை: இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, ஃபீட் பைப்பின் டர்போ முனையை ஒரு பாட்டிலில் விட்டு, கிராங்க் பண்ணுங்கள். ஆயில் தடையில்லாமல் ஒழுங்காக வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் பைப், ஃபில்டர், ஆயில் பம்ப் என்று பின்னோக்கிப் போங்கள். பம்ப் வரை போனால் அது பட்டறை வேலை. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது டைமிங் செயின் பக்கம் சலசலவென்று சத்தம் வந்தால் அதையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள், இந்த இன்ஜினின் செயினும் ஆயில் அழுத்தத்தை நம்பித்தான் இருக்கிறது.

மாட்டும்போது: டர்போவின் ஃபீட் ஓட்டையில் புது ஆயில் ஊற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றி, பிறகு இன்ஜெக்டர் கனெக்டர் இல்லாமலே சில முறை கிராங்க் பண்ணி ஆயில் வந்துவிட்டதை உறுதி செய்த பிறகுதான் ஸ்டார்ட். முதல் சில நிமிடம் ஐடில் மட்டும். ஸ்டார்ட் ஆனவுடன் ரேஸ் பண்ணி "சத்தம் எப்படி" என்று காட்டும் மெக்கானிக்கைத் தடுத்து நிறுத்துங்கள், அந்த ஐந்து நொடியில் பேரிங் உலர்ந்த நிலையில் சுற்றுகிறது. ஆயில், ஃபில்டர் புதிது, சில நூறு கிலோமீட்டரில் இன்னொரு முறை புதிது.

## சத்தங்கள்

மிதிக்கும்போது உஸ்ஸ் என்று காற்றுச் சத்தம், கூடவே பவர் குறைவு: ஹோஸ் கசிவு. குளிர்ந்த இன்ஜினில் டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் மறைந்தால் மேனிஃபோல்டு கேஸ்கட் அல்லது தளர்ந்த ஸ்டட். விசில் சத்தம் முன்பைவிடக் கூடுதலாகக் கேட்டால், அது மட்டும்தான் என்றால், விட்டுவிடுங்கள், பெரிய சக்கரம் அப்படித்தான் பாடும்.

ஆனால் ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஏறி இறங்கும் ஓலம் நாளுக்கு நாள் கூடினால் ஷாஃப்ட் சமநிலை போகிறது. இரும்பு உரசும் சத்தம் என்றால் உடனே அணையுங்கள், வீடு வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். சக்கரத்தின் துண்டு இன்ஜினுக்குள் போனால் டர்போ செலவு இன்ஜின் செலவாக மாறும்.

உயர்ந்த கியரில் 1500 ஆர்பிஎம்மில் மிதிக்கும்போது புர்ர் புர்ர் என்று படபடத்தால் அது சர்ஜ். இன்ஜின் விழுங்கும் காற்றுக்கு மேல் டர்போ தள்ளுகிறது. கியரைக் குறைத்து ஓட்டினால் நிற்கும், நிரந்தரத் தீர்வு மேப்பில்தான் இருக்கிறது.

## ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

கிளட்ச் வழுக்குகிறது. மூன்றாவது, நாலாவது கியரில் 2000-லிருந்து முழுசாக மிதித்துப் பாருங்கள், முள் மட்டும் துள்ளி, கருகல் வாடை வந்தால் உறுதி. 75 பிஎஸ் வண்டியின் கிளட்ச் 190 நியூட்டன் மீட்டருக்காகச் செய்யப்பட்டது, அதுவும் பழையது. கேபிள் அல்லது பெடல் அட்ஜஸ்ட்மென்ட் சரியா என்று ஒரு தடவை பார்க்கலாம், கிளட்ச் பக்கம் ஆயில் கசிவு இருக்கிறதா என்றும் பார்க்கலாம், ஆனால் பெரும்பாலும் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றும் மாற்றுவதில்தான் முடியும். பத்தாயிரத்தைத் தாண்டும். டர்போவுக்குப் பட்ஜெட் போடும்போதே இதையும் பிரேக் பேடையும் நல்ல டயரையும் சேர்த்துப் போடுங்கள், வேகமாகப் போகும் வண்டி நிற்கவும் வேண்டும்.

இன்சூரன்ஸ் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆர்சியில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது, சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி கிளெய்மை மறுக்கவும் முடியும். வேலையைத் தொடங்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

## டெம்பரேச்சர் முள் ஏறுகிறது

ரேடியேட்டர் ஃபின்னில் மண், ஃபேன் ஓடுகிறதா, கூலன்ட் அளவு, தெர்மோஸ்டாட், இந்த வரிசை. பெரிய இன்டர்கூலரை ரேடியேட்டர் முன்னால் ஒட்டி வைத்திருந்தால் காற்றோட்டம் தடைப்படும், நடுவில் இடைவெளி விட்டு மாட்டச் சொல்லுங்கள். கூலன்ட் காரணமில்லாமல் குறைந்துகொண்டே போனாலோ, ஹோஸ் காலையிலேயே கல் மாதிரி விறைத்திருந்தாலோ ஹெட் கேஸ்கட். ஓட்டாமல் பட்டறைக்கு.

## எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் 2500 வரை ஒன்றும் நடக்கவில்லை

மேலே உள்ள எல்லாச் சோதனையும் செய்து, கசிவு இல்லை, ஆக்சுவேட்டர் நல்லது, கோட் இல்லை, ஆனால் ஊருக்குள் வண்டி முன்பைவிடச் சோம்பலாக இருக்கிறது என்றால், டர்போ இந்த இன்ஜினுக்குப் பெரிது. 1248 சிசியிலிருந்து வரும் புகை அந்தச் சக்கரத்தைச் சுற்றப் போதவில்லை. மேப்பில் கொஞ்சம் சரிசெய்யலாம், 200 அல்லது 300 ஆர்பிஎம் கீழே கொண்டுவரலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

இதே இன்ஜினுக்கு மாருதி வைத்த உயர்ந்த அளவு 90 பிஎஸ், 200 நியூட்டன் மீட்டர், அதுவும் 1750 ஆர்பிஎம்மிலேயே. தினமும் ஓட்டும் வண்டிக்கு அந்த இடத்தைத் தாண்டி அதிகம் போக வேண்டாம் என்பது என் கருத்து. பெரிய ஹைப்ரிட்டை நல்ல நிலையில் இருக்கும்போதே விற்றுவிட்டு, ஒரு படி சின்னச் சக்கரமோ, கட்டுப்பாட்டோடு கூடிய விஜிடியோ போடுங்கள். விற்கும் முன் ஷாஃப்ட் ஆட்டத்தை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வாங்குபவர் முதலில் அதைத்தான் கேட்பார்.